பதினோரு அடி

சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போனார்கள்:
11.
பக்கத்தில் ஒரு அம்பு, கடைக்குள் பார்த்து.
எங்கள் கடையின் ஆழம் பதினாறு.

பெங்களூர் ரோட்டில் எல்லோருக்கும் ஒரு எண் வந்தது.
அல்லாபகஷ் வாட்ச் கடைக்கு ஒன்பது.
கெம்பண்ணா ஸ்வீட் ஸ்டாலுக்குப் பன்னிரண்டு, அடுப்போடு சேர்த்து.
மூலை மருந்துக்கடைக்கு இரண்டரைதான்;
ஒரு மாதம் அவரோடு யாரும் டீ குடிக்கவில்லை.

நான் குக்கர் ரிப்பேர் பார்க்கிறவள்.
கேஸ்கட், விசில், கைப்பிடி, சேஃப்டி வால்வு.
மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிப் பெண்கள்
ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில்
மூடியை வைத்துவிட்டுப் போவார்கள்: "அக்கா, நாளைக்கு!"
மிச்சம் ஐந்தடியில் நான் உட்காரலாம்,
மூடிகள் உட்காரலாம்,
முனிரத்தினம் வெளியே நிற்க வேண்டும்.

மனு எழுதினோம்.
'யுத்தம் முடிந்து இந்த வீதியை அகலமாக்கினபோதே
எங்கள் குடும்பம் இடம் விட்டுக்கொடுத்தது.
ஒரு தெருவுக்கு எத்தனை தடவைதான் கொடுப்பது?'
அவர் சொன்னார், நான் எழுதினேன்.
நல்ல வாக்கியம்.
தாலுகா ஆபீஸில் இரண்டு கிளார்க்குகள் நின்று படித்தார்கள்.

அந்தப் பழைய அகலம் எனக்குக் காதுவழிச் செய்திதான்.
ஏலத்தில் எடுத்த மிலிட்டரி லாரிகளுக்கு
பெஞ்சு போட்டுப் பஸ்ஸாக்கினார்களாம்.
பஸ் திரும்ப இடமில்லாமல்
கூடைக்காரர்கள் வரிசை ஒன்று முழுசாகப் போனதாம்.
எங்கே போனார்கள்?
கதை அதுவரை வராது.
நம் கடை தப்பியதோடு முடிந்துவிடும்.

ஜேசிபி வருவதற்கு முந்தின ராத்திரி
தரையில் பதித்த கடப்பாக் கல்லை
நாங்களே நெம்பி எடுத்தோம். விற்றால் காசு.
ஏழாவது கல்லுக்கு அடியில் இன்னொரு கல்.
கருங்கல். தலையில் அம்புக்குறி.
அதன் கீழே, விரலால் மண்ணை வழித்தால், 1947.

முனிரத்தினம் டார்ச்சை அணைத்தார்.
திரும்பப் போட்டார்.
ஷட்டரிலிருந்து டேப் பிடித்தோம்.
ஒன்பது அடி.

கொடுத்தோம் என்று எழுதிய இடத்தின் மேலேயே
இத்தனை வருஷம் உட்கார்ந்து
விசில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.
பதினொன்றில் இரண்டுதான் எங்களுடையது.
நஷ்டஈடு பதினொன்றுக்கு.

விடியும்வரை இருவரும் பேசவில்லை.
பேசியிருந்தால் ஒருவர் யோக்கியராகிவிடும் ஆபத்து இருந்தது.
கல்லின் மேல் ஒரு அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து
நான் உட்கார்ந்துகொண்டேன்.

சர்வேயர் ஹேமாவதி வந்தாள்.
ஏழு மாத வயிறு, கையில் பைல்,
காலையிலேயே வியர்த்திருந்தாள்.
"கொஞ்சம் உட்காரட்டுமா அக்கா?"
எழுந்துகொள்ளாமல் என்ன செய்ய?
அவள் குண்டான் மேல் உட்கார்ந்தாள்.
அது டக்கென்று ஒருபக்கம் சாய்ந்தது.
"ஆடுதே."
"தரை சரியில்லைங்க மேடம்."
குனிந்து பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இந்த ரோட்டுல எந்தத் தரை சரியா இருக்கு"
என்று சொல்லிவிட்டு
பதினொன்று என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினாள்.
என் பேனாதான். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பணம் வந்தது.
புது ஷட்டர், புது போர்டு,
எதிர்ச்சாரிக்குப் போக ரவுண்டானாவரை நடை.
லாரி போனால் ஐந்தடிக்குள் எல்லா மூடியும் நடுங்கும்.
கல்லை யாரும் தோண்டவில்லை;
அதன் மேல் சாக்கடை, சாக்கடை மேல் சிமென்ட் பலகை.

போன வைகாசியிலிருந்து
அந்தப் பலகையில் ஒருத்தி பெங்களூராக் கூடையோடு வந்து குந்துகிறாள்.
பர்கூர் பக்கமாம். பேர் மாரக்கா.
நேற்று முனிரத்தினம் சத்தம் போட்டார்:
"கடையை மறைக்குது, தள்ளி உட்காரும்மா!"

பழத்தைத் துடைத்தபடி நிமிர்ந்து
நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"எத்தனை அடிங்கண்ணா?"